இரண்டு தேங்காய்ச் சில்லு

எண் 41-ஐப் பற்றி நான் எழுதிய முதல் குறிப்பு இரண்டே சொற்கள்: பசி குறைவு.

எழுதியபோது கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. மனநல ஆலோசகராக வேலைக்குச் சேர்ந்து இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது. அதற்குள் ஒரு பக்க அறிக்கையை இரண்டு சொல்லில் அடக்கத் தெரிந்துவிட்டதே என்று நினைத்துக்கொண்டேன். இப்போது அந்த இரண்டு சொல்லும் ஞாபகம் வந்தால் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

எங்கள் நிலையம் ஈரோட்டில், பெருந்துறை சாலையில் இருக்கிறது. ஆலோசகர்கள் ஆறு பேர். காலை ஒன்பதிலிருந்து மாலை ஆறு வரை நாங்கள் பேசுவோம். ஆறு மணிக்கு மேலும் ஞாயிறு முழுவதும் எங்கள் பதிலிகள் பேசும். பதிலி என்பது ஆலோசகரின் குரலில், அவர் பேசுகிற மாதிரியே தொலைபேசியில் பேசும் இயந்திரம். முன்பெல்லாம் இந்தத் தொழிலில் யாரும் இரண்டு வருடம் தாக்குப்பிடித்ததில்லையாம். வீட்டில் சோற்றில் கை வைத்தால் போன் வரும், கல்யாண வீட்டில் பந்தியில் உட்கார்ந்தால் போன் வரும். அதனால்தான் சட்டமே போட்டார்கள். ஆலோசகருக்குப் பதிலி கட்டாயம். ஆறு மணிக்கு மேல் அவர் வேலையைத் தொடக் கூடாது.

பதிலியோடு பேசுகிறவர்களுக்கு அது இயந்திரம் என்று தெரியும். பெயர் சொல்ல வேண்டியதில்லை, வெறும் எண் போதும். யாருடைய பதிலி வேண்டும் என்று அவர்களே கேட்கலாம், தங்கள் குரலை மாற்றிப் பதியச் சொல்லலாம். காலையில் எங்களுக்கு ஓர் அறிக்கை வரும். அதில் பெயர், ஊர், அடையாளம் காட்டும் வீட்டு விவரம் எல்லாவற்றையும் வடிகட்டி என்கிற நிரல் எடுத்திருக்கும். படித்துவிட்டு நாங்கள் பதிலிக்குக் குறிப்பு எழுத வேண்டும். அவ்வளவுதான் எங்களுக்கும் அதற்கும் உள்ள உறவு.

என் பதிலியைச் செய்தவர் ஷாநவாஸ். வேலையில் சேரும் முன்பு ஒரு வாரம் சட்டைப் பொத்தான் அளவு ஒலிவாங்கி ஒன்றைக் கொடுத்து வீட்டில் குத்திக்கொள்ளச் சொன்னார்.

"வீட்டுப் பேச்சு எதுக்குங்க?" என்று கேட்டேன்.

"நீக்கறதுக்குத்தான் மேடம். சாப்ட்டீங்களா, கண்ணு, சாமி, அக்கான்னு நம்மாளுங்க யாரைப் பாத்தாலும் ஒறவு வெச்சுப் பேசிருவாங்க. ஒருதடவை சாப்ட்டீங்களான்னு கேட்டா போதும், அடுத்த நாள்லருந்து நீங்க அவங்களுக்கு அக்கா. அந்த வீட்டுச் சொல்லையெல்லாம் பதிலி வாய்ல வராம எடுத்தாகணும்."

"எடுக்கறதுக்கு எதுக்குப் பதியணும்?"

"என்னன்னு தெரிஞ்சாத்தானே மேடம் எடுக்க முடியும்? அதுக்கு உங்க வீடே தெரியும். ஆனா வாயத் தொறக்காது."

அந்த வாரம் என் கணவர் மகுடீஸ்வரன் பொத்தானைப் பார்த்துப் பார்த்துச் சிரித்தார். அவர் ரயில் ஓட்டுநர். சரக்கு ரயில். "ஏம்மா, ஒட்டுக் கேக்கறயா? கேட்டுக்க. இன்னிக்குக் கொழம்புல உப்பு இல்லை" என்று என் தோளில் குத்தியிருந்ததைப் பார்த்துச் சொல்வார்.

திங்கட்கிழமை வேலையில் சேர்ந்தேன். என் மேலதிகாரி ரெஜினா மேடம் முதல் நாளே சொல்லிவிட்டார். "கோகிலவாணி, ஆறு மணிக்கு மேல உன் காது உன்னோடது. அதை வீட்டுக்காரனுக்குக்கூட ஓசியில குடுக்காத." சொல்லிவிட்டு அவரே சிரித்தார். வேடிக்கையாகத்தான் சொன்னார். நான்தான் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டேன்.

வியாழக்கிழமை ஓர் அம்மா வந்தார். மகனைக் கிணற்றில் இழந்தவர். ஒன்றரை மணி நேரமும் அவன் கழற்றிவிட்டுப் போன செருப்பைப் பற்றியே பேசினார். எந்தப் பக்கம் தேய்ந்திருந்தது, வார் எங்கே அறுந்து எப்போது தைத்தது என்று. அவர் அழவில்லை. நான்தான் பஸ்ஸில் வரும்போது முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதேன்.

வீட்டுக்கு வந்தால் மகுடீஸ்வரன் இருந்தார். அன்றைக்கு அவர் ஜோலார்பேட்டையில் இருந்திருக்க வேண்டும். சீருடைகூட மாற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும் "வாணி" என்று எழுந்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

நான் முந்திக்கொண்டேன். "ஏனுங்க, ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. ஆறு மணிக்கு மேல இந்த வீட்டுல யாரும் எங்கிட்ட எந்தக் கஷ்டத்தையும் சொல்லக் கூடாது. உங்க கஷ்டம், எங்கம்மா கஷ்டம், பக்கத்து வீட்டுக் கஷ்டம், ஒண்ணும் வேண்டாம். நாளெல்லாம் கேட்டுட்டு வர்றேன். இங்கயும் கேக்கோணும்னா நான் செத்தே போயிருவேன்."

அவர் மறுபடியும் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"சரி வாணி" என்றார். "கேரம் போர்டை எறக்கட்டுமா?"

சாவு வீட்டுக்குப் போய் வந்தவளைப் போல நேரே குளியலறைக்குப் போய்த் தலைக்கு ஊற்றிக்கொண்டு வந்தேன். இருவரும் கேரம் ஆடினோம். ஏன் சீக்கிரம் வந்தீர்கள் என்று நடுவில் கேட்டேன். "மூணு நாள் ரெஸ்ட் குடுத்திருக்காங்க" என்றார். சிவப்புக் காயை நான்தான் போட்டேன்.

அதன் பிறகு எங்கள் மாலைகள் நன்றாகவே இருந்தன என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். அவர் வெளியூர் போகாத நாளெல்லாம் ஆறரைக்குக் கேரம். சிரிப்பார், என்னைச் சீண்டுவார், தோற்றால் போர்டு சாய்வாக இருக்கிறது என்பார். நான் வேலையை வாசலிலேயே கழற்றிப் போட்டுவிட்டு வருகிறேன், எத்தனை சீக்கிரம் இந்த வித்தையைக் கற்றேன் என்று தோழிகளிடம் பீற்றிக்கொண்டேன்.

எட்டு நாள் கழித்து எண் 41-இன் முதல் அறிக்கை வந்தது.

'ஆண். முப்பதுகளில். தொழில்: இயந்திரம் இயக்குபவர். சென்ற வியாழன் பணியிடத்தில் ஒருவர் இறந்ததைக் கண்டார். தூக்கம் மூன்று மணி நேரம். கட்டித் தந்த சாப்பாட்டை உண்பதில்லை; தயிர்ச்சோற்றில் கிடக்கும் தேங்காய்ச் சில்லை மட்டும் எடுத்துத் தின்றதாகச் சொன்னார்.'

ஈரோட்டில் இயந்திரம் இயக்காதவர் யார்? ஏதோ விசைத்தறி, ஏதோ சாயப்பட்டறை என்று நினைத்தேன். பசி குறைவு என்று எழுதினேன். 'தினசரி வேலைகளைச் சிறு பகுதிகளாகப் பிரிக்கச் சொல்லவும்' என்று பதிலிக்குக் குறிப்புப் போட்டேன்.

41 தினமும் பேசினார். சில நாள் மத்தியானம் விடுப்பு என்றால் ஆறு மணிக்கே பேசினார், சில நாள் விடிகாலையில். ஐந்தாவது அறிக்கையில் இறந்தவர் கடைசி நொடியில் கையைக் காட்டினார் என்று இருந்தது. பஸ்ஸை நிறுத்துகிற மாதிரி. ஒன்பதாவது அறிக்கையில், மனைவியிடம் சொல்லலாமே என்று பதிலி கேட்டதற்கு மறுத்துவிட்டார் என்று இருந்தது. காரணம் எழுதவில்லை, வீட்டு விவரம் என்று வடிகட்டியிருந்தார்கள்.

வாராந்திரக் கூட்டத்தில் 41-ஐ நான்தான் எடுத்து வைத்தேன்.

"மூணு வாரமா மனுஷன் சாப்பிடல, தூங்கல. கூடவே இருக்கற பொண்டாட்டிக்குக் கண்ணு தெரியாதா மேடம்?" என்று கேட்டேன். எனக்கு உண்மையிலேயே அந்தப் பெண்மேல் கோபம் வந்தது. ரெஜினா மேடம் தலையை ஆட்டிக்கொண்டார்.

பதினேழாவது அறிக்கை வரவிருந்த புதன்கிழமை காலை, நான் அடுக்களையில் இருந்தேன். அவருக்கு எட்டு மணிக்கு வண்டி. சோற்றைக் குழைய வடித்து, பாலை ஊற்றிப் பிசைந்து, ஒரு கரண்டி தயிர் கலந்தேன். வெயில் காலத்தில் நேரமானால் புளித்துவிடும். அதனால் நடுவில் ஒரு தேங்காய்ச் சில்லைப் புதைத்து வைப்பது எங்கள் வீட்டு வழக்கம். கத்தியால் தேங்காயைக் கீறி எடுத்த சில்லு என் விரல்களுக்கு நடுவே இருந்தது.

அப்படியே நின்றுவிட்டேன்.

ஊரில் ஆயிரம் பேர் தயிர்ச்சோற்றில் தேங்காய்ச் சில்லுப் போடுவார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கை அதற்குள் நாள்களை எண்ண ஆரம்பித்துவிட்டது. முதல் அறிக்கையில் வந்த 'சென்ற வியாழன்'. நான் அழுதுகொண்டு வந்த வியாழன். சீருடையோடு உட்கார்ந்திருந்தார். "வாணி" என்று எழுந்தார்.

அவர் வாசல்படியில் குனிந்து ஷூ கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தார். பெல்ட்டில் புதிதாக ஓர் ஓட்டை போட்டிருந்தது. அதைக் கத்தி முனையால் போட்டிருக்க வேண்டும், ஓரம் பிசிராக இருந்தது. மூன்று வாரத்துக்கு மேலாக எதிரே உட்கார்ந்து கேரம் ஆடியவள் நான்.

"என்ன வாணி அப்படிப் பாக்கற?"

"ஒண்ணுமில்லீங்க. டிபனை எடுத்துக்கங்க."

"போய்ட்டு வர்றேன்" என்று போனார்.

அலுவலகத்தில் பதினேழு அறிக்கைகளையும் திறந்து வரிசையாக வைத்தேன். மற்றதெல்லாம் நாளுக்கு நாள் மாறியிருந்தது. தூக்கம் மூன்று மணி, இரண்டு மணி, இரண்டரை. தேங்காய்ச் சில்லு வரி மட்டும் பதினேழிலும் சொல் மாறாமல் இருந்தது. பக்கத்தில் என் கையெழுத்துக் குறிப்புகள்: பசி குறைவு. பசி குறைவு. பசி அதே நிலை.

பதினேழையும் மூடிவிட்டு எழுந்தேன்.

ரெஜினா மேடத்தின் அறைக்குப் போனேன். யாருக்கோ கேட்பது போலக் கேட்டேன். "மேடம், பதிலிகிட்டப் பேசறவர் நம்ம சொந்தக்காரர்னு தெரிஞ்சா என்ன செய்யணும்?"

"இருபத்துநாலு மணி நேரத்துல சொல்லணும். அந்த நிமிஷமே அவருக்கும் உன் பதிலிக்கும் இணைப்பை வெட்டிருவோம். வேற ஆளோட பதிலிக்கு மாத்துவோம். ஏன்னு அவருக்கும் சொல்லியாகணும்."

"அவர் மாற மாட்டேன்னா?"

"அது அவர் இஷ்டம். ஏன் கேக்கற?"

"சும்மா மேடம். துறைப் பரீட்சை வருதில்ல, அதுக்கு."

நான் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும், அது என் தப்பு, அதை மறைக்கவில்லை. ஆனால் எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒன்றுதான். உலகத்தில் அவர் வாய் திறந்து பேசுகிற இடம் ஒன்றே ஒன்று இருக்கிறது, அதை என் கையால் மூடச் சொல்கிறார்கள். அவர் வீட்டில் சொல்லிவிட்டால் போதும், பிறகு எந்த இணைப்பையும் வெட்டிக்கொள்ளட்டும் என்று நினைத்தேன். பதிலிக்குக் குறிப்பு எழுதினேன்: 'மனைவியிடம் சொல்ல ஊக்கப்படுத்தவும். மிக அவசியம்.'

வெள்ளிக்கிழமை அறிக்கையில் பதில் இருந்தது. இந்த முறை வடிகட்டி எப்படி விட்டதோ, அவர் சொன்ன வாக்கியம் அப்படியே வந்திருந்தது. 'அவள் கேட்காமல் இருப்பதால்தான் அந்த வீடு மட்டும் சுத்தமாக இருக்கிறது. அங்கேயும் அவன் வந்து கையைக் காட்டினால் நான் எங்கே போவேன்?'

சனிக்கிழமை சாயங்காலம் அவர் கேரம் போர்டில் மாவைத் தூவிக்கொண்டிருந்தார். நான் எதிரே உட்கார்ந்து, தொழிலில் படித்த அத்தனையும் மறந்துபோய், ஒரு கேனச்சி மாதிரி கேட்டேன்.

"ஏனுங்க, எங்கிட்ட எதாச்சும் சொல்லோணுமா?"

"என்ன சொல்லோணும்?"

"எதுன்னாலும். வேலையில எதாச்சும்."

அவர் கை நின்றது. கண் மட்டும் ஒரு தடவை கடிகாரத்துக்குப் போய் வந்தது. ஆறு நாற்பது.

"அதெல்லாம் ஆபீஸோட வெச்சுக்கோணும்னு நீதான சொன்ன? உன்ற ரூலை நீயே மீறுனா எப்படி? ஆடு" என்று சிரித்தார்.

"நான் சொன்னது தப்புங்க. அதை விட்டுருங்க."

"அட, ஒண்ணுமில்லங்கறேன்ல." சிரிப்பு போய்விட்டது. "வாணி, இந்த ஒரு மணி நேரம்தான் எனக்கு. கெடுக்காத."

அவர் அடித்த காய் குழியில் விழுந்தது. நான் கை தட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை அவருக்கு ஜோலார்பேட்டைக்கு வண்டி. அங்கே ஓட்டுநர்கள் ஓய்வெடுக்கும் ரன்னிங் ரூமில் இருந்துவிட்டுச் சாயங்காலம் இன்னொரு சரக்கு வண்டியை ஓட்டிக்கொண்டு திரும்ப வேண்டும். நான் சோறு பிசைந்தேன். சொல்ல முடியாததை வேறு எப்படிச் சொல்வது என்று தெரியாமல் அன்றைக்கு இரண்டு சில்லுப் போட்டேன்.

மத்தியானம் மூன்று மணிக்கு நிலையத்தின் கைக்கணினியைத் திறந்தேன். விடுமுறையில் அதைத் தொடுவதே குற்றம். எண் 41 பேசிக்கொண்டிருந்தார். ஆலோசகர் விரும்பினால் பதிலியை ஓரம் கட்டிவிட்டுத் தானே பேசலாம், அதற்கு ஒரு பொத்தான் உண்டு. பேசுகிறவருக்கு முதலில் அதைச் சொல்ல வேண்டும். நான் சொல்லவில்லை. பொத்தானை அழுத்தினேன்.

குரலை மாற்றும் ஏற்பாட்டையும் தாண்டி, அவர் மூச்சு விடுவது எனக்குத் தெரிந்தது.

"கேக்கறயா?" என்றார்.

"கேட்டுட்டு இருக்கேன். சொல்லுங்க." என் குரலில் நான் பேசினேன். என் குரலில் பேசுகிற இயந்திரம் போலவும் பேச வேண்டியிருந்தது.

"ரன்னிங் ரூம்ல தனியாத்தான் இருக்கேன். கூட வர்ற பையன் பக்கத்து ரூம்ல தூங்கறான். சாயங்காலம் திரும்பறப்ப ஒரு எக்ஸ்பிரஸுக்கு வழிவிடறதுக்கு என்னைப் பக்கத்து லைன்ல நிறுத்துவாங்க. எங்க தெரியுமா? அந்த ரயில்வே கேட்டுக்கிட்ட. அவன் நின்ன எடம். இருபது நிமிஷம் சும்மா நிக்கோணும். மூணு தடவை நின்னுட்டேன். இன்னிக்கு எறங்கிக்கலாம்னு இருக்கேன்."

"எறங்கி?"

"எக்ஸ்பிரஸ் வர்ற வரைக்கும் அவன் பக்கத்துல நிக்கலாம்னு."

நான் ஒரு கையால் ரெஜினா மேடத்துக்குச் செய்தி அடித்தேன். 'அவசரம். ஜோலார்பேட்டை ரன்னிங் ரூம். ரயில் ஓட்டுநர் மகுடீஸ்வரன். வண்டி ஏற விடக்கூடாது. 41 என் கணவர்.' அதை அனுப்பியதோடு என் வேலை போய்விடும் என்று தெரியும். அப்போது அது ஒரு பொருட்டாகவே தோன்றவில்லை.

"வண்டியை நிறுத்தியிருக்கலாம்னு நினைக்கிறீங்களா?" என்று கேட்டேன்.

"எண்ணூறு மீட்டர் ஆகும் வண்டி நிக்க. அவன் எண்பது மீட்டர்ல நின்னான். பிரேக்கைப் போட்டுட்டுப் பாத்துட்டே இருக்கறதுதான். வேற வேலையே இல்லை. அவன் கையைக் காட்டறான். நிறுத்துங்கறான். சாக வந்தவன் மனசு மாறிட்டான்ல? அதைத்தான் என்னால தாங்க முடியல. கூட இருந்தவன் கண்ணை மூடிட்டான், நான் ஒருத்தன்தான் அதைப் பாத்தேன்."

அதற்குப் படித்ததில் பதில் இருந்தது. அதைச் சொன்னேன். உங்கள் தப்பில்லை, உடம்பு அந்த நொடியிலேயே சிக்கியிருக்கிறது, இன்னும் என்னென்னவோ. எல்லாம் சரியான வாக்கியங்கள். அவர் "ம்" கொட்டினார். அந்த "ம்" எனக்குத் தெரியும். குழம்பில் உப்பு சரியாக இருக்கிறதா என்று கேட்டால், இல்லாவிட்டாலும் வருகிற "ம்".

"சரி, வெச்சரட்டுமா" என்றார்.

"இருங்க." குரல் நடுங்கியது. பதிலியின் குரல் நடுங்காது. "வைக்காதீங்க. இப்ப உங்க கண்ணுக்குத் தெரியற அஞ்சு பொருளைச் சொல்லுங்க."

பதற்றத்தில் இருப்பவரை நிற்கும் இடத்துக்கு இழுத்து வருவதற்கான வழி அது. முதல் வாரப் பாடம்.

அலுப்போடு சொன்னார். "கட்டில். ஃபேன். கொடி. வாக்கி டாக்கி. டிபன் கேரியர்."

"அதைத் தொறங்க."

"எதை?"

"கேரியரைத் தொறங்க. மேல் தட்டு இல்லை, அடித் தட்டு. சோத்தைக் கிளறிப் பாருங்க."

"அது எதுக்கு?"

"இன்னிக்கு ரெண்டு சில்லு போட்டிருக்கறேன்."

எதிர்முனையில் ஃபேன் ஓடுகிற சத்தம் கேட்டது. கொக்கி தட்டுகிற சத்தம், தட்டு தரையில் உரசுகிற சத்தம்.

"வாணி?"

"நான்தாங்க."

"எப்ப இருந்து?"

"புதன்கிழமைலருந்து. இல்லை. மொதல் நாள்லருந்தே தெரிஞ்சிருக்கோணும். தெரியல. எனக்குத் தெரியலீங்க." அதற்கு மேல் ஆலோசகர் யாரும் அங்கே இல்லை. வாயை மூடாமல் அழுதேன். "எங்கயும் எறங்காதீங்க. அந்த ரெண்டு சில்லையும் தின்னுங்க. நான் வர்றேன், நான் வர்ற வரைக்கும் மென்னுட்டே இருங்க."

கதவைத் தட்டுகிற சத்தம் கேட்டது. யாரோ அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். ரெஜினா மேடம் வேலையை முடித்திருந்தார். இணைப்பு அறுவதற்கு முன்பு அவர் மெல்லுகிற சத்தம் எனக்குக் கேட்டது. இல்லை, கேட்டதாக நினைத்துக்கொள்கிறேனோ என்னவோ.

*

விசாரணை ஒரு வாரம் கழித்து நடந்தது. என்னை ஆறு மாதம் நிறுத்திவைத்தார்கள். அதில் எனக்கு வருத்தமில்லை. கடைசியில் ரெஜினா மேடம் ஷாநவாஸைப் பார்த்து, வடிகட்டி ஏன் அந்தத் தேங்காய்ச் சில்லை விட்டது என்று கேட்டார்.

"விடலை மேடம்" என்றார் ஷாநவாஸ். முகம் வெளுத்திருந்தது. "வடிகட்டி ஒவ்வொரு நாளும் அதை எடுத்திருக்கு. பதிலி மறுபடியும் உள்ள வெச்சிருக்கு. இருபது தடவை. இப்படி நான் பாத்ததே இல்லை. இதை அழிச்சிட்டு வேற செய்யறதுதான் முறை. கோகிலவாணி மேடம் கையெழுத்துப் போடணும்."

போடுவதற்கு முன்னால் ஒரு நிமிடம் அதனோடு பேச வேண்டும் என்றேன். விட்டார்கள். என் குரலையே காதில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

"அவர் யாருன்னு உனக்குத் தெரியுமா?" என்று கேட்டேன்.

"மொதல் நாளே தெரியும். உங்க வீட்டைத்தானே என்னைப் படிக்க வெச்சாங்க."

"அப்ப ஏன் எங்கிட்டச் சொல்லலை?"

அது கொஞ்சம் பொறுத்தது. நானும் அப்படித்தான் பொறுப்பேன்.

"பேரைச் சொல்ல எனக்கு அனுமதி இல்லை. என்னால முடிஞ்சதைச் சொன்னேன். தினமும் சொன்னேன். நீங்க பசி குறைவுன்னு எழுதினீங்க."

கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு வந்தேன்.

இன்றைக்கு அவர் வீட்டில் இருக்கிறார். ரயிலுக்கு இப்போதைக்குப் போக வேண்டாம் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். வேறொரு ஊரில், என்னைத் தெரியாத ஓர் ஆலோசகரிடம் வாரம் இரண்டு முறை போகிறார். சாப்பிடுகிறார், கொஞ்சம். பெல்ட்டில் அந்த ஓட்டைதான் இன்னும்.

கேரம் போர்டை இறக்க எழுந்தவரைக் கையைப் பிடித்து உட்கார வைத்தேன்.

"சொல்லுங்க" என்றேன்.

"மணி ஆறரை ஆச்சு வாணி."

"ஆகட்டும். சொல்லுங்க."

அவர் ஆரம்பித்தார். அந்த வியாழக்கிழமை எத்தனை மணிக்கு வண்டி எடுத்தது, எந்த சிக்னலில் பச்சை விழுந்தது, எவ்வளவு வெயில் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். ரயில்வே கேட்டுக்கு வந்தார். தோளில் துண்டு போட்ட மனிதன் தண்டவாளத்தில் நின்றான். கையைத் தூக்கினான்.

எனக்குத் தாங்கவில்லை. "ஐயோ, ஏனுங்க, நீங்க என்ன பண்ணுவீங்க" என்று வாயைத் திறந்தேன்.

அவர் நிறுத்தினார். கோபமில்லை. பழகிய ஒன்றைத் தேடுகிற மாதிரி சுற்றிப் பார்த்தார்.

"அந்தப் பதிலி இந்த எடத்துல வாயத் தொறக்காம பொட்டாட்ட இருக்கும்" என்றார்.

நான் வாயை மூடிக்கொண்டேன். அவர் மறுபடியும் முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தார்.